நாடு கடத்துமுன் நாட்டைக் காட்டுக!

(கிளிநொச்சிப் பகுதியிலுள்ள வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



களவாகக் குடியேறுவோரையும் அவர்களை நாடு கடத்துவதையும் பற்றிப் பேசுமாறு இவ்வாசிகசாலையின் காரியதரிசி என்னைப் பணித்தார். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "கமக்காரர் கூடும் சபையிலே பசளையின் விலையைப் பற்றிப் பேசாமல் தோணியைப் பற்றிப் பேசப் போகின்றீரே!" என்று நகைத்தார். பசளையின் விலையைப் பற்றி உங்களுக்கு எடுத்துரைக்க நான் வேண்டியதில்லை. நீங்களே எனக்கு எடுத்துரைப்பீர்கள். தோணியைப் பற்றியோ நாம் அனைவரும் பேசியாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

2024ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தின் மூன்றாம் வாரத்தில், முள்ளிவாய்க்கால் கடலிலே ஒரு படகு வந்து நின்றதை நீங்கள் அறிவீர்கள். அதிலே வந்தவர்கள் மியன்மார் நாட்டின் ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள். குழந்தைகளும் பெண்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர். கண்டவர்கள் எமது மீனவர்கள். கரையிலிருந்து உணவும் தண்ணீரும் கொடுத்தவர்களும் எமது மக்களே. வந்தவர்கள் திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். படகை நடத்தி வந்தவர்கள் என்று கருதப்பட்ட சிலர் மறியலில் வைக்கப்பட, ஏனையோர் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். இவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி அரசாங்கத் தரப்பிலே பேச்செழுந்தபோது, 2025 சனவரியில் முல்லைத்தீவு மக்கள் வீதியிலே நின்று, அனுப்பாதீர் என்று குரல் கொடுத்தனர். அந்த மண்ணில் நின்று அந்தக் குரலைக் கொடுப்பதற்கு அவர்களுக்கு உள்ள தகுதி வேறு எவருக்கும் இல்லை.

ஆனால், அந்நாள்களிலே இன்னொரு குரலும் எம்மவர் மத்தியிலே கேட்டது. "எமக்கே காணியில்லை, எமது பிள்ளைகளுக்கே வேலையில்லை. தோணியேறி வருகின்ற எல்லோரையும் ஏற்றுக்கொண்டால் நாடு என்று ஒன்று எதற்கு? எல்லை என்று ஒன்று எதற்கு?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். நியாயமான கேள்வி இது. நியாயமான மறுமொழியும் இதற்கு வேண்டும்.

எல்லையைக் காக்கும் உரிமை அரசுக்கு உண்டா? உண்டு. ஐயத்துக்கு இடமில்லை. வேலியில்லாத தோட்டத்திலே எவனும் மிளகாய் நடமாட்டான். வெளியிலிருந்து வருபவன் யார், எதற்கு வருகின்றான், எத்தனை நாள் நிற்பான் என்று கேட்பதும், களவாக வந்தவனைத் தடுத்து நிறுத்துவதும், நிற்பதற்கு உரிமையில்லை என்று முறைப்படி தீர்ந்த பின்னர் திருப்பி அனுப்புவதும் உலகிலே எந்த அரசும் செய்கின்ற காரியங்கள். இவற்றைச் செய்யாதே என்று சொல்ல நான் வரவில்லை. கள்ளத்தோணி என்பது வெறுங் கற்பனை என்றும் சொல்ல வரவில்லை. 1949 நவம்பரிலே குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர், இரவிலே பாக்குநீரிணையைக் கடந்து ஆள்களை இறக்கிய தோணிகள் உண்மையிலேயே இருந்தன. அத்தோணிகளை ஓட்டிப் பணம் சேர்த்தவர்களுள் எமது கரையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். பிடிபட்டவனோ பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழை. தோணிக்காரன் அடுத்த அமாவாசைக்கும் தோணி ஓட்டினான்.

அங்ஙனமாயின் வழக்கு எங்கே இருக்கின்றது? வேலி போடுவதிலே இல்லை. வேலியைப் போட்ட பிறகு, அந்தத் தோட்டத்திலே மூன்று தலைமுறையாக இருப்பவனைப் பார்த்து, "நீ வேலிக்கு உள்ளே பிறந்தவன் என்பதை நீயே நிரூபி, நிரூபிக்காவிட்டால் வெளியே போ" என்று சொல்வதிலேதான் இருக்கின்றது. உலகின் எந்தப் பகுதியிலே நாடு கடத்தல் என்ற பேச்சு எழுந்தாலும், முதல் நாள் அது நேற்று வந்தவனைப் பற்றியதாகவே இருக்கும். சில ஆண்டுகள் கழியும்போது அது என்றோ வந்தவனின் பேரனைப் பற்றியதாக மாறிவிடும். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு எமது நாட்டைவிடச் சிறந்த பாடப் புத்தகம் இல்லை.

மலைநாட்டுத் தமிழர் இந்நாட்டுக்கு எவ்வாறு வந்தனர்? களவாகவா வந்தனர்? பிரித்தானியத் துரைமார் கோப்பிக்காகக் காடழித்த காலத்திலிருந்து அழைத்து வந்தனர். மன்னாரிலே இறங்கி, காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரையாகி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள் அவர்கள். கோப்பி நோய்ப்பட்டு மாண்டது, தேயிலை வந்தது, அழைப்பு நிற்கவில்லை. 1901ஆம் ஆண்டளவிலே தகரத் துண்டு முறை என ஒன்று வந்தது. வட்டமான தகரத் துண்டிலே தோட்டத்தின் இலக்கத்தையும் ஆளின் இலக்கத்தையும் பொறித்துக் கையிலே கொடுத்தார்கள். அந்தத் தகரத்தைக் காட்டினால் இன்ன தோட்டத்துக்கு உரியவன் என்று வழியிலே ஏற்றி இறக்குவார்கள். பயணச் செலவு அவன் தலையிலே கடனாக விழும். இந்தியக் கரையிலே மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே முகாம் வைத்து, நோய் பார்த்து, எண்ணிக் கணக்கெடுத்து அனுப்பியது. இதனினும் சட்டபூர்வமான குடிவரவு உலகிலே உண்டா? கழுத்திலே தகரம் கட்டி அழைத்து வந்த அதே நாடு, நூறு ஆண்டு உழைப்பை வாங்கிக்கொண்ட பின்னர், கையிலே கடதாசி எங்கே என்று கேட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிலே பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இந்நாட்டிலே பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். இங்கே வீற்றிருக்கும் பெரியோர்களைக் கேட்கின்றேன். உங்கள் பூட்டனார் இன்ன ஊரிலே பிறந்தார் என்பதற்கு உங்களுள் எத்தனை பேரிடம் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கின்றது? என்னிடம் இல்லை. நாங்கள் தப்பினோம் என்றால், எங்களிடம் கடதாசி இருந்ததனால் அன்று. எங்களிடம் எவரும் கேட்காததனாலேதான்.

இச்சட்டத்தின் 7ஆம் பிரிவிலே ஒரு விநோதம் உண்டு. தாய் தந்தையர் யார் என்று அறிய முடியாதவாறு கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தை ஒன்று இந்நாட்டிலே கண்டெடுக்கப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரையில் அது இந்நாட்டுப் பிரசை என்று கொள்ளப்படும். நல்ல ஏற்பாடு, மனிதத் தன்மை உள்ள ஏற்பாடு. ஆனால், தேயிலைத் தோட்டத்து லயத்திலே, தாய் தந்தையர் இன்னார் என்று ஊரறியப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. குப்பை மேட்டிலே கிடந்த பிள்ளைக்கு நாடு உண்டு. பெற்றவள் மடியிலே கிடந்த பிள்ளைக்கு நாடு இல்லை!

அடுத்த ஆண்டிலே, இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இது மருந்து என்றார்கள். 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன்னே, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டிலே வதிந்திருத்தல் வேண்டும். ஒரு முறை ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நின்றுவிட்டால் வதிவு அறுந்தது. இதற்கெல்லாம் சான்று வேண்டும். இரண்டாண்டுத் தவணைக்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிலே அடங்கியவர்கள் ஏறத்தாழ 8,25,000 பேர். அவர்களுள் பிரசாவுரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே. தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தம் பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இலே ஒருவரையும் அனுப்ப முடியாதவராயினர்.

கமக்காரப் பெருமக்களே, இதை உங்கள் கணக்கிலே வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலே கதியால் ஒன்றை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை வழக்காடிய குடும்பங்களை நான் அறிவேன். என் தொழிலுக்கு அவர்கள் செய்த உபகாரத்தையும் மறவேன்! அந்த வழக்குகளிலே உறுதி இல்லாதவன் எதைக் கொண்டு வெல்வான்? ஆட்சியைக் கொண்டு வெல்வான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறனுடைய காணியைப் பத்து ஆண்டு தடையின்றித் தனதாக ஆண்டு வந்தவனுக்கு அக்காணியே உரியதாகின்றது. அரச காணிக்கு இது செல்லாது என்று முன் வரிசையிலே அமர்ந்திருக்கும் என் கற்றறிந்த நண்பர் முணுமுணுப்பது கேட்கின்றது. உண்மைதான். ஆயினும் நான் கேட்பது வேறு. பிறன் காணியிலே பத்தாண்டு இருந்தவனைக் கிளப்ப நினைப்பவன் நீதிமன்றம் ஏறி வழக்கு வைக்க வேண்டும் என்று விதித்த ஒரு நாடு, மூன்று தலைமுறை இருந்த மனிதனைக் கிளப்புவதற்கு உத்தியோகத்தர் ஒருவரின் ஐயம் போதும் என்று எண்ணியது எங்ஙனம்? மண்ணுக்கு இருந்த மதிப்பு மனிதனுக்கு இல்லாமற் போயிற்றே!

இனி, 1954 சனவரியிலே பிரதம மந்திரி நேருவும் பிரதம மந்திரி சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு வருகின்றேன். இதனை நீங்கள் ஊன்றிக் கேட்டல் வேண்டும். களவான குடிவரவைத் தடுக்க இரு நாடுகளும் கூடி உழைக்கும் என்பது அதன் முதற் கூற்று. அதிலே குறையில்லை. தேர்தல் இடாப்பிலே இல்லாத வயது வந்தோர் அனைவரையும் பதிந்து தனி இடாப்பு ஒன்று செய்யப்படும் என்பது அடுத்தது. அதிலும் குறையில்லை. அப்பதிவு முடிந்த பின்னர், அதிலே பெயர் இல்லாத ஒருவனின் தாய்மொழி இந்திய மொழியாக இருக்குமாயின், அவன் இந்தியாவிலிருந்து களவாக வந்தவன் என்றே ஊகிக்கப்படுவான். நாடு கடத்தப்படவும் கூடும் என்று தொடர்ந்து எழுதினார்கள். களவாக வந்தவன் அல்லன் என்று நிரூபிக்கும் பாரத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவன் மேலேயே சுமத்தும் சட்ட மசோதாவை இலங்கை அரசாங்கம் முன்னெடுக்கலாம் என்றும் அதே ஒப்பந்தம் இடங் கொடுத்தது.

இந்திய மொழி எது? தமிழ் இந்திய மொழி அன்றோ! அந்தச் சொற்களை எழுதியவர்கள் தோட்டத் தொழிலாளியைத்தான் மனத்திலே கொண்டிருந்தார்கள் என்பது மெய்யே. ஆனால், சட்டத்தின் சொல் மனத்தைப் பார்ப்பதில்லை. சாவகச்சேரியிலே பிறந்து, இடாப்பு எழுத வந்த நாளிலே வன்னிக் காட்டிலே விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒருவனும் அந்தச் சொற்களுக்குள்ளே அடங்குவான். அவன் வாயைத் திறந்து தமிழிலே ஒரு வார்த்தை சொன்னால், அதுவே அவனுக்கு எதிரான ஊகத்துக்குக் காரணமாகும். பின்னர் இரு அரசாங்கங்களின் பிணக்கிலே அவ்வொப்பந்தம் நலிந்து போயிற்று. ஆயினும் பேசும் மொழியைக் கொண்டு ஒருவனைக் கள்ளன் என ஊகிக்கலாம் என்று, இரு பெரும் நாடுகளின் தலைவர்கள் கையெழுத்திட்ட கடதாசி ஒன்று இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. நாடு கடத்தற் சட்டம் எதனையும் நீங்கள் எடைபோடும்போது, நிரூபிக்கும் பாரம் யார் தலையிலே வைக்கப்பட்டிருக்கின்றது என்பதையே முதலிலே பாருங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பின்புதான்.

அந்தப் பாரம் எத்தகையது என்பதை நான் சட்டப் புத்தகத்திலே கற்கவில்லை. எங்கள் வயலிலே கற்றேன்.

1960களின் தொடக்கம். எனக்குப் பதினான்கு வயது இருக்கும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் எங்கள் வயலிலே ஆறு ஆண்டாக வேலை செய்த ஒருவர் இருந்தார். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவர். தோட்டத்திலே வேலை போனபின் கால்நடையாக வன்னிக்கு வந்தவர். எனக்குக் கிட்டி அடிக்கவும் தூண்டில் கட்டவும் கற்றுக் கொடுத்தவர். எங்கள் வீட்டிலே அவருக்குச் சோறு உண்டு. ஆனால் தனித் தட்டு, திண்ணைக்கு வெளியே. என் தாயார் அவரை முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைப்பார். அவர் போன பின் "கள்ளத்தோணி" என்பார். அது வசை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிற்று.

ஒரு நாட் காலை ஜீப் ஒன்று வந்தது. இறங்கியவர்கள் அவரிடம் கடதாசி கேட்டார்கள். அவர் தலையிலே கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளிலே வைத்துக்கொண்டு, தாம் பிறந்த தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் பெயரையும் சொன்னார். வந்தவர்களுள் ஒருவர் என் தந்தையாரைப் பார்த்து, "இவனை உமக்குத் தெரியுமா?" என்றார். தெரியும். அவர் பிறந்த தோட்டம் தெரியும். அவர் தாய் செத்த ஆண்டு தெரியும். அதற்காக மாத்தளைக்குப் போய்வர ஐந்து ரூபா கொடுத்தவரே ஐயாதான். ஆனால், களவாக வந்தவனை வேலைக்கு வைத்திருந்தான் என்று தம்மீதும் வழக்கு வருமோ என்று அவர் அஞ்சினார். "கூலிக்கு வந்தவன், ஊர் பேர் தெரியாது" என்றார். ஜீப் போய்விட்டது. அவர் பின்னர் வரவில்லை. அன்று மாலை ஐயா சாப்பிடவில்லை. அதற்குப் பின் எங்கள் வீட்டிலே அந்தச் சொல்லையும் எவரும் சொல்லவில்லை.

நான் சட்டம் படித்த காலத்திலேதான் அந்த ஒரு வார்த்தையின் பெறுமதியை அறிந்தேன். கடதாசி இல்லாத மனிதனுக்கு அயலவனின் வாய்ச்சொல்லே சாட்சி. நிரூபிக்கும் பாரத்தை அவன் தலையிலே ஏற்றும் சட்டம், உண்மையிலே அவனை அயலவனின் துணிச்சலுக்கு அடைக்கலமாக விடுகின்றது. அந்த அயலவனையும் தண்டிப்போம் என்று வெருட்டினால், சாட்சியையும் அழித்துவிடுகின்றது. என் தந்தையார் கொடியவர் அல்லர். சட்டம் அவரைக் கோழையாக்கிற்று. அவர் கோழையானதால் இன்னொருவர் நாடற்றவரானார்.

எம்மவர் குற்றத்தைப் பேச வந்த இடத்திலே இதையும் சொல்லிவிடுகின்றேன். அச்சட்டங்களுக்குத் தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லோரும் எதிராக நின்றார்கள் என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஆதரித்துக் கையுயர்த்திய தமிழரும் இருந்தனர். எதிர்த்துப் பிரிந்தவர்கள் 1949 திசெம்பரிலே புதுக் கட்சி கண்டனர். இன்று அவர்களுக்கு வந்தது நாளை எமக்கு என்ற எச்சரிக்கை அன்றே எழுந்தது, கேட்டவர் சிலரே.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள், திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றார்கள். பத்தாண்டு கழிந்து, 1974இலே, அந்த மிகுதியையும் ஆளுக்குப் பாதி எனப் பிரித்தார்கள். சகோதரர் இருவர் பட்டி மாட்டைப் பங்கிடும்போதுகூட, எந்தப் பசு எந்தக் கன்றுக்குத் தாய் என்று பார்ப்பார்கள். இங்கே அதுவும் பார்க்கப்படவில்லை. கையெழுத்திடுமுன் அந்த மக்களை அழைத்து, நீங்கள் எங்கே வாழ விரும்புகின்றீர்கள் என்று கேட்ட அரசாங்கம் எதுவுமில்லை. தலைமன்னார்த் துறையிலே கப்பலேறிய பல்லாயிரவர் தம் வாழ்நாளிலே இந்தியாவைக் கண்டறியாதவர்கள். நீலகிரியிலே அவர்களுக்காகத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அங்கே அவர்களுக்கு இடப்பட்ட பெயர் சிலோன்காரர். இங்கே கள்ளத்தோணி, அங்கே சிலோன்காரர்! போர் மூண்டு கப்பல் நின்றபின் இங்கேயே தங்கிவிட்டவர்களின் துன்பம், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கடந்துதான் ஒருவாறு தீர்ந்தது. 1948இலே ஒரு பேனாவினாலே செய்ததைத் துடைக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையிலே காலம் எம்மையும் தோணியிலே ஏற்றிற்று. 1983க்குப் பின்னர், மன்னார்க் கரையிலிருந்து இரவோடிரவாக இராமேசுவரத்துக்கு ஓடியவர்கள் யார்? வேலியும் உறுதியும் உடைய நாங்கள். இறங்கியபின் எங்கே வைக்கப்பட்டோம்? அதே மண்டபம் முகாமிலே. தோட்டத் தொழிலாளியை எண்ணி இந்தப் பக்கம் அனுப்பிய அதே முகாம், அந்தப் பக்கம் ஓடிய எங்களை எண்ணிற்று. அங்கே முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணமுடித்து, இன்றும் இந்தியப் பிரசையாக ஏற்கப்படாதவர்கள் எத்தனையோ பேர். 2019ஆம் ஆண்டிலே இந்தியா அயல்நாட்டு அகதிகள் சிலருக்குப் பிரசாவுரிமை வழியைத் திறந்தபோது, அந்த வழியிலே இலங்கைத் தமிழருக்கு இடம் வைக்கப்படவில்லை. இன்னும் சிலர் அவுஸ்திரேலியாவுக்குத் தோணியேறினர். 2014 சூலையிலே, இலங்கையர் 41 பேரை அந்நாடு நடுக்கடலிலே கப்பலில் வைத்தே வினவி, எமது கடற்படையிடம் கடலிலேயே கையளித்தது. அவர்களுள் பெரும்பாலோர் சிங்களச் சகோதரர்கள் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். தோணிக்கு இனம் இல்லை.

ஆகவே, ஒரு நாடு என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்டவருக்கு மறுமொழி சொல்வதாக முதலிலே வாக்களித்தேன்.

வந்தவனை நிறுத்து, விசாரி. ஆனால் விசாரணை நீதிமன்றத்தின் கண்காணிப்பிலே, அவனுக்கு விளங்கும் மொழியிலே நடக்கட்டும். நடுக்கடலிலே கால் மணி நேரம் கேட்பது விசாரணை ஆகாது. இந்நாட்டிலே வாழ்ந்து வருபவன் ஒருவனை அந்நியன் என்று சொல்ல விரும்பினால், அதை அரசாங்கமே நிரூபிக்கட்டும். இடாப்பும் பதிவேடும் கச்சேரியும் அதன் கையிலேதான் இருக்கின்றன; லயத்திலே இருப்பவன் கையிலே இல்லை. ஆளேற்றி இலாபம் காண்பவனைத் தண்டிப்பதிலே காட்ட வேண்டிய கடுமையைப் பயணியின்மேலே காட்டுவதிலே பொருளில்லை. இந்த மண்ணிலே பிறந்து வேறு எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத குழந்தைக்கு இந்நாட்டு உரிமையைக் கொடு. 7ஆம் பிரிவு கைவிடப்பட்ட குழந்தைக்குக் கொடுத்த கருணையை இன்னுஞ் சிறிது நீட்டினாற் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நாடு கடத்துமுன் எந்த நாட்டுக்கு என்று காட்டு. அந்த நாடு அவனைத் தன் பிரசை என ஏற்கின்றதா? ஏற்றால், உயிரோடு வைத்திருக்குமா? இவ்விரண்டுக்கும் விடையில்லாத இடத்திலே நாடு கடத்தல் என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை. அது கடலிலே தள்ளுதல். அன்றேல் கொலைக்களத்திலே கொண்டுபோய் விடுதல்.

ரோஹிங்கியா மக்களின் நிலைமை இதுவே. 1982ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே, 1823ஆம் ஆண்டுக்கு முன்னரே அந்நாட்டிலே நிலைத்திருந்த இனங்களுக்கே முழு உரிமை என்று மியன்மார் வகுத்தது. அவ்வினங்களின் பட்டியலிலே ரோஹிங்கியாவுக்கு இடமில்லை. வேறு வழியாக உரிமை கேட்பவனோ, முன்னோரின் வதிவுக்குச் சான்று காட்ட வேண்டும். நம்முடைய சட்டம் பூட்டனைக் கேட்டது. அவர்களுடைய சட்டம் பூட்டனுக்கும் பூட்டனைக் கேட்டது. அவர்களையும் அங்கே களவாக வந்தவர்கள் என்றே அழைத்தனர். 2017 ஓகஸ்டுக்குப் பின்னர் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வங்காளதேசத்துக்கு ஓடினர். கேப்பாப்பிலவிலே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புக என்றால், எங்கே அனுப்புவது? பிரசை என்று ஏற்காத நாட்டுக்கா?

இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்திலே கையெழுத்திடவில்லை. ஆகவே கடமையில்லை என்று சொல்வாருமுளர். கையெழுத்திடவில்லை என்பது உண்மை. ஆனால், சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை 1994ஆம் ஆண்டிலே இலங்கை ஏற்றது. அதற்கெனச் சட்டமும் இயற்றிற்று. சித்திரவதைக்கு உள்ளாவான் என நம்பக் காரணம் உள்ள இடத்துக்கு எவனையும் அனுப்புதல் ஆகாது என்பது அச்சமவாயத்தின் விதி. நூறு பேருக்குத் தங்க இடங் கொடுப்பதனால் எமது காணி குறைந்துவிடாது. எமது காணி எங்கே போயிற்று என்பதை இச்சபையிலே நான் விளக்க வேண்டியதுமில்லை. கேப்பாப்பிலவு மக்கள் தம் நிலத்துக்காக எவ்வளவு காலம் வீதியிலே இருந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்நிலத்தை ரோஹிங்கியர் எடுக்கவில்லை.

தலைவர் மணியைப் பார்க்கின்றார். ஒரு காரியத்தைச் சொல்லி அமர்கின்றேன்.

1958இலும் 1977இலும் 1983இலும் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்து இப்பகுதியிலே குடியேறிய குடும்பங்கள் பல, இன்றும் பிறப்பத்தாட்சி இன்றியும், இருக்கும் காணிக்கு அனுமதிப் பத்திரம் இன்றியும் இருக்கின்றன. இச்சபையின் பின் வரிசையிலும் அவர்களுள் சிலர் நிற்கின்றனர். இருக்கையிலே ஏன் அமரவில்லை என்று நான் கேட்கவில்லை, நீங்கள் கேட்பீர்களாக. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் வேண்டிய விண்ணப்பங்களையும் சத்தியக் கடதாசிகளையும் எழுதித் தருவதற்கு, வரும் சனிக்கிழமை தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணி முதல் இந்த வாசிகசாலையிலே நான் இருப்பேன். கட்டணம் இல்லை. ஆனால், எழுதுவதற்கு நான் ஒருவன் போதுமே தவிர, சாட்சி சொல்வதற்குப் போதேன். இன்னார் இன்ன ஆண்டு முதல் எங்கள் அயலிலே இருக்கின்றார், எனக்குத் தெரியும் என்று கையெழுத்திட, உறுதியும் அடையாள அட்டையும் உடைய கமக்காரர் வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு இருவர் வந்தாற் போதும். வரும்போது உங்கள் அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்.